புட்டியில் தண்ணீர்

பல் மருத்துவராக முதல் சில ஆண்டுகளில் பெற்றோருக்கு நான் கொடுத்ததை ஆலோசனை என்று சொல்ல முடியாது, வசவுதான். "பிள்ளையின் பல்லை இப்படியா விடுவீர்கள்?" என்றுதான் தொடங்குவேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள், அடுத்த தவணைக்கு வரமாட்டார்கள்.

ஒன்றரை வயதுப் பையன் ஒருவன் என்னை மாற்றினான். அம்மாவின் மடியில் படுக்கவைத்து அவன் மேலுதட்டைத் தூக்கினேன். முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளைக் கோடு. சொத்தை தொடங்குவது அப்படித்தான். குழி விழுவதற்குள் கவனித்தால் மீட்டுவிடலாம். கீழ் முன்பற்களில் ஒரு குறையும் இல்லை. புட்டியைச் சப்பும்போது நாக்கு அவற்றை மூடிக்கொள்ளும். ஆக, புட்டியோடு தூங்குகிற பிள்ளை.

வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு, "இரவில் உங்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது?" என்று கேட்டேன்.

"இரண்டு மணிக்கு எழுந்து அழுவான் டாக்டர். பால் கொடுத்தால்தான் அடங்குவான். விடிந்தால் நான் வேலைக்குப் போக வேண்டும்."

புட்டி கெடுதல் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. தூக்கத்தில் எச்சில் குறைவதால் பல்லில் தங்கும் பால் கழுவப்படுவதில்லை என்பதை மட்டும் சொன்னேன். பால் பகலில் கோப்பையில்; இரவுப் புட்டியில் இரண்டு நாளுக்கொரு முறை தண்ணீரைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீர். காலையும் படுக்கும் முன்பும் அரிசி அளவு ஃப்ளூரைடு பற்பசை. அன்றே பற்களின் மேல் ஃப்ளூரைடு வார்னிஷ் என்ற காப்புப் பூச்சையும் பூசிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. பால் நீர்த்துப்போகிறதே என்று பாட்டி சர்க்கரை கலந்திருக்கிறார்! அவரை அழைத்து வரச் சொல்லாதது என் தவறு.

பாட்டி வந்தார். "பால்பல்தானே, விழுந்து முளைக்கும்."

"கடைவாய்ப் பால்பல் விழ 10, 12 வயதாகும் அம்மா. அதுவரை இவன் மெல்ல வேண்டாமா?"

அவர் பதில் சொல்லவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்ப்பது எப்படி என்று அவருக்குக் காட்டிக்கொடுத்து, மாதம் ஒரு முறை பார்க்கும் பொறுப்பை ஒப்படைத்தேன்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது, நான் கையுறை மாட்டுவதற்குள் பாட்டியே பேரனின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். மூன்று பற்களில் கோடு மங்கியிருந்தது. நான்காவதில் அப்படியே இருந்தது.

"இது மட்டும் ஏன் போகவில்லை?" என்று என்னை அதட்டினார்.