பேட்டரி போச்சு என்று சொல்வதற்கு முன்னால்

மதுரையில் அப்பாவின் வேகன் ஆர் முதல் தடவை படுத்தது ஒரு முகூர்த்த நாள் காலையில். ஐந்து மணி, அம்மா பட்டுப்புடவையோடு வாசலில் நிற்கிறாள், சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம், அவ்வளவுதான். பக்கத்துக் கடையிலிருந்து வந்தவர் பானெட்டைத் திறந்த வேகத்தில், "மூணு வருஷம் ஆச்சுல்ல சார், பேட்டரி போச்சு, புதுசு போட்டுரலாம்" என்றார். அப்பா பணம் எடுக்க உள்ளே போய்விட்டார். நான்தான் கொஞ்சம் பொறுங்கள் என்று வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்து வந்தேன்.

பேட்டரியின் இரண்டு ஈய முனைகளில் வைத்துப் பார்த்தால் 12.5 வோல்ட். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் கிட்டத்தட்ட பாதி, 12-க்குக் கீழே போனால் காலி என்று வைத்துக்கொள்ளலாம். ஆக சார்ஜ் இருக்கிறது, ஆனால் வண்டி சுற்றவில்லை. அப்பாவைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு முனையில் பார்த்தேன், 12.3-ல் நிற்கிறது. அப்புறம் சிவப்பு ஊசியை மட்டும் ஒரு விரல் அளவு தள்ளி, ஈய முனையிலிருந்து அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்கு மாற்றி வைத்து, மறுபடி திருப்பச் சொன்னேன். 7 சொச்சம்! அந்த ஒரு விரல் தூரத்தில் ஐந்து வோல்ட் தொலைகிறது. கிளாம்ப்பைக் கழற்றினால் உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது, மேலே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினோம், நுரை பொங்கி அடங்கியதும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, காயவைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினோம். ஒரே திருப்பில் ஸ்டார்ட். நாலாயிரத்துக்கு மேல் போகவேண்டிய பணம், ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவோடு போயிற்று.

அந்த பேட்டரி இன்னும் பல மாதம் ஓடியது. ஆனால் அடுத்த சித்திரை வெயிலில் நிஜமாகவே செத்தது, அப்போதும் மீட்டர் 12.5-தான் காட்டியது. இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சும்மா நிற்கும்போது வரும் வோல்ட் சார்ஜைத்தான் சொல்லும், தெம்பைச் சொல்லாது. ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்த நேரத்தில் நல்ல பேட்டரி 10-க்கு மேலே நிற்கும், 9.6-க்குக் கீழே விழுந்தால் அதன் காலம் முடிந்தது என்று அர்த்தம். இந்தத் தடவை ஈய முனையிலேயே 8-க்கு விழுந்தது, கிளாம்ப்பும் சுத்தமாக இருந்தது, சந்தேகத்துக்கே இடமில்லை. நம் ஊர் வெயில்தான் பேட்டரியைத் தின்கிறது. சூட்டில் தண்ணீர் ஆவியாகும், உள்ளே இருக்கும் ஈயத் தகட்டின் சட்டம் வேகமாக அரித்துப்போகும்.

இன்னொன்று, வண்டியை ஓட்டி நிறுத்தியவுடன் அளக்காதீர்கள். அப்போது மேலோட்டமான சார்ஜ் ஏறியிருக்கும், செத்த பேட்டரிகூட 12.8 காட்டும்.

சரி, மாற்றும்போது. பழைய பேட்டரியின் மேல் 38பி20எல் மாதிரி ஒரு குறியீடு இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதில் 20 என்பது செ.மீ. கணக்கில் நீளம், கடைசி எழுத்து பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் என்பதைக் குறிக்கும், அது மாறிவிட்டால் கேபிள் எட்டாது. தயாரித்த தேதியைப் பாருங்கள், கடையிலேயே மீட்டர் வைக்கச் சொல்லுங்கள், மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து 12.4-க்குக் கீழே இறங்கியதை வாங்கவே வாங்காதீர்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவை முடுக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வேறு வரும், விளையாட்டு இல்லை. மாட்டி முடித்து இன்ஜின் ஓடும்போது ஒரு தடவை அளந்துவிடுங்கள். எங்கள் வண்டி மாதிரி சாதாரண ஆல்டர்னேட்டர் (ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது இதுதான்) என்றால் 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும், வரவில்லையென்றால் புது பேட்டரியும் சீக்கிரமே படுத்துவிடும்.

பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள், தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் தயவுசெய்து போடாதீர்கள். எங்கோ ஒரு கொல்லையில் ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை உருக்குவார்கள், அந்தப் புகை அங்கே விளையாடும் பிள்ளைகளின் ரத்தத்தில்தான் போய்ச் சேரும்.

புதியது மாட்டிய அன்று ஸ்டார்ட் செய்யும்போது 10.8 வந்தது. அப்பா அந்த எண்ணையும் தேதியையும் டைரியின் பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது மறுபடி அளந்து பக்கத்தில் எழுதணும்.