கட்டணத்தில் கை வைப்பதற்கு முன்

மாநில அரசின் கஜானாவில் பணம் குறைந்தால் முதலில் ஏறுவது கட்டணம்தான். உரிமம், பதிவு, சான்றிதழ் என்று எல்லாவற்றிலும். எனக்கு இது நியாயமாகவே படவில்லை. வசதியானவருக்கும் தினக்கூலிக்காரருக்கும் ஒரே தொகை என்றால் அடி யாருக்கு விழும்?

அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். போன வருடத் தொகையை எடுத்து, மேலே கொஞ்சம் கூட்டி எழுதுவதுதான் மதிப்பீடு. அந்தச் செலவு இன்னும் தேவையா என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. நிதியாண்டின் கடைசி வாரத்தில் புது மேசை நாற்காலிகள் வந்து இறங்கும். மிச்சம் வைத்தால் அடுத்த வருட ஒதுக்கீடு குறைந்துவிடுமே என்ற பயம்.

1970களின் தொடக்கத்தில் ஜார்ஜியா ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் (அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர்தான் அரசை நடத்துபவர்) ஒவ்வொரு செலவையும் பூஜ்யத்திலிருந்து நியாயப்படுத்தச் சொன்னார். சுமார் 300 அரசு அமைப்புகளை 22 ஆகச் சுருக்கினார். டெக்சாஸில் 1977இல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேல். பொதுவாக 12 வருடத்துக்கு ஒருமுறை ஆய்வு நடக்கும். சட்டமன்றம் நீட்டிக்காவிட்டால் அந்த அமைப்பு கலைந்துவிடும். அதாவது, தான் ஏன் இருக்க வேண்டும் என்பதை அமைப்புதான் நிரூபிக்க வேண்டும்.

சரி, இதனால் வேலை போகாதா? ஒரே வேலையை இரண்டு துறைகள் செய்யும் இடத்தில் ஆட்களை மாற்றி அமர்த்தலாம், ஓய்வு பெறுவோரின் இடங்களை நிரப்பாமல் விடலாம். அப்புறமும் பணம் போதவில்லை என்றால், அந்தக் கணக்கை மக்கள் முன் வைத்துவிட்டுக் கட்டணத்தைப் பற்றிப் பேசட்டும்.