ஆயில் மூடியில் சொதி

சித்தப்பா மகளுக்குக் கல்லிடைக்குறிச்சியில் மறுவீட்டு விருந்து. மறுவீடு என்றால் எங்கள் வீடுகளில் சொதிதான். தேங்காய்ப்பால், சிறுபருப்பு, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். அதற்காகவே முந்தின நாள் ராத்திரி நான் அரைச் சாப்பாட்டோடு எழுந்துவிட்டேன். பாளையங்கோட்டையில் கிளம்பும்போது மணி பத்தரை. 15 வருஷத்துப் பழைய பெட்ரோல் கார். முன்னால் நானும் மனைவியும், பின்னால் பையனும் அத்தையும். அத்தை மடியில் ஒரு தாம்பாளம்.

பாதி வழி வரைக்கும் ஒன்றுமில்லை. பத்தமடை தாண்டும்போது டெம்பரேச்சர் முள் பாதியை விட்டுப் பைய எழுந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்தேன். அங்கேயே நிறுத்தி ஒரு பத்தமடைப் பாய் வாங்கி மரத்தடியில் விரித்துப் படுத்திருந்தால் செலவு பாயோடு போயிருக்கும். வீரவநல்லூர் இந்தா வந்துரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முள் இன்னும் ஏறியது. ஹீட்டரைப் போட்டால் என்ஜின் சூடு கொஞ்சம் வண்டிக்குள் இறங்கும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திருகினேன். உண்மைதான், முள் ஒரு நூல் இறங்கியது. ஆனால் அது வைகாசி மாசம்.

"ஏய்யா, ஏசில அனலா அடிக்கே?" என்றாள் பட்டுச்சேலையில் இருந்த அத்தை.

"கொஞ்சம் பொறுங்கத்தை. என்ஜினு சூடு எறங்கணும்."

"அதுக்கு நாங்க வேகணுமாக்கும்?"

நாலைந்து நிமிஷம் ஒருவரும் பேசவில்லை. பையன் சட்டையைக் கழற்றிவிட்டான். அப்புறம் திடீரென்று குளுகுளுவென்று காற்று வந்தது. "இப்பதான்யா நல்லாருக்கு" என்று அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம். போட்ட ஹீட்டர் தானாகக் குளிர்ந்தால் அதற்குள் ஓடத் தண்ணீரே இல்லை என்று அர்த்தம். அது எனக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. அத்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லி ரெண்டு நிமிஷத்தில் பானெட் இடுக்கில் ஆவி பறந்தது.

வீரவநல்லூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. வண்டி நின்றதும் கடைக்காரர் ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்தார். நான் துண்டைச் சுற்றி ரேடியேட்டர் மூடியில் கையை வைத்தேன். எதிரே டிராக்டர் ஓட்டி வந்தவர் இறங்காமலேயே சத்தம் போட்டார்.

"கைய எடும்வே! மூஞ்சி வெந்துரும். பச்சத்தண்ணியையும் ஊத்தாதீரும், ஹெட்டு விரிசல் விட்டுரும்."

அவர் சொன்னது சரிதான். மூடி இறுக்கிப் பிடித்திருக்கிற வரைக்கும் உள்ளே இருக்கிற தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். திறந்த நொடியில் மொத்தமாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். சரி என்று முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். மனைவி, பையன், அத்தை, தாம்பாளம் எல்லாம் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். சொதி ஆறிவிடுமாம்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. வாட்டர் பம்பு என்றார் ஒருவர், தெர்மோஸ்டாட் என்றார் இன்னொருவர். டிராக்டர்காரர் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்து எல்லோருக்கும் காட்டினார். மூடியின் உள்பக்கம் இளமஞ்சளாக, கெட்டியாக, ஓரத்தில் லேசாக நுரைத்து, விரலால் வழித்தால் வழிகிற பதத்தில் ஒன்று அப்பியிருந்தது. அசல் சொதி. உருளைக்கிழங்குதான் இல்லை.

"ஆயில்ல தண்ணி கலந்துட்டு. கேஸ்கட்டு போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். என்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே இருக்கிற பிளாக்குக்கும் நடுவில் வாயுவும் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைக்கிற தகடுதான் கேஸ்கட். டீக்கடைக்காரர் தலையை ஆட்டினார். ஏற்கெனவே செத்த வீடு மாதிரி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டிராக்டர்காரரே கயிறு கட்டி ஊருக்குள் ஒரு ஒர்க்‌ஷாப் வரைக்கும் இழுத்து வந்து விட்டார். காசு கொடுத்தால் வாங்கவில்லை.

மெக்கானிக் அண்ணாச்சிக்கு அறுபது வயசிருக்கும். மூடியைக் காட்டி, "கேஸ்கட்டு போயிட்டாம்" என்றேன்.

"யாரு சொன்னா, மூடியா?" என்று கேட்டுவிட்டு ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை உருவி வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். ஆயில் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. "தண்ணி கலந்தா இதுலயும் பால் காப்பி மாதிரி வரணும். நீரு வண்டிய எங்க ஓட்டுவீரு?"

"காய்கறி வாங்க மார்க்கெட்டுக்கு. ரெண்டு கிலோமீட்டர்."

"அதான். என்ஜினு சூடாகுமுன்ன நிறுத்திருதீரு. உள்ள வேர்க்கிற ஈரம் மூடியில போயி இப்படி அப்பிக்கிடும். இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

எனக்கு உயிர் வந்தது. அது நாலு மணி வரைக்கும்தான் தங்கியது. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டரில் தண்ணீரை நிரப்பி, மூடியைப் போடாமல் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கழுத்துக்குள் குமிழ்கள் வந்தன. காற்று அடைத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுமாம். இது நிற்கவில்லை, சோடாப் பாட்டிலை உடைத்தது போல விடாமல் பொங்கியது. சிலிண்டருக்குள் வெடிக்கிற வாயு தண்ணீர் ஓடுகிற பாதைக்குள் நுழைகிறது, வேறு அர்த்தமே இல்லை. பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். மூன்று பிளக் கருத்துக் கிடக்க, மூன்றாவது சிலிண்டர் பிளக் மட்டும் சபீனா போட்டு விளக்கியது மாதிரி பளபளத்தது. தண்ணீர் ஆவியாகி ஆவியாகிக் கழுவிவிட்டதாம். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டுகிற கம்ப்ரஷன் கேஜை வைத்தார். மற்ற மூன்றும் 160-ஐத் தாண்டின. மூன்றாவது 95-இல் நின்றுவிட்டது.

"கேஸ்கட்டு போனது நெசந்தான். அந்தாளு காட்டுன காரணந்தான் தப்பு" என்றார். இதில் அவருக்கு ஒரு திருப்தி.

மறுநாள் ஹெட்டைக் கழற்றி, இரும்பு ஸ்கேலை மேலே வைத்து, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜை இடுக்கில் விட்டுக் காட்டினார். 0.15 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தது. ரெண்டு தலைமுடி கனம் இருக்கும், அவ்வளவுதான் கோணல். லேத்துக்குப் போய் ஹெட்டை மட்டமாகச் சீவுகிற ஃபேஸிங், புது போல்ட், நடுவிலிருந்து ஓரத்துக்கு வரிசையாக, இறுக்கம் அளக்கிற டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கியது எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். கேஸ்கட் மட்டும் பார்த்தால் 1,400. ரேடியேட்டர் ஃபேனை ஓடவைக்கிற ரிலே செத்துக் கிடந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அது 250.

ஆனால் வண்டி நின்ற அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததைச் சொல்லாமல் விட்டேன். பிளக்குகளைப் பார்த்தபடி அண்ணாச்சி கேட்டார். "இது இன்னைக்குப் போனதில்லவே. தண்ணி கொறையலியா?"

"ரெண்டு மாசமா குறையுது. கீழ ஒழுகவே இல்ல. குழாய்த் தண்ணியப் புடிச்சு ஊத்திக்கிட்டு வந்தேன்."

"தாமிரபரணித் தண்ணி அல்வாவுக்குத்தான் ஆகும். கூலன்ட்டு ஊத்தியிருந்தா பொகையிலயாவது இனிப்பு வாசம் வந்து காட்டிக் குடுத்திருக்கும். சரி, அதுக்கு முந்தி முள்ளு எப்பவாவது ஏறிச்சா? உள்ளதச் சொல்லும்."

நான் குரலைத் தாழ்த்தினேன். "ஒரு தடவ வண்ணார்பேட்டையில டிராபிக்ல மாட்டிக்கிட்டு நின்னேன். ஏசி போட்டிருந்தேன். மேலே கோடு வரைக்கும் போச்சு. நிறுத்தி, ஆறவச்சு, வீட்டுக்குக் கொண்டுவந்துட்டேன். வீட்டுல சொல்லல."

பின்னால் தூக்குவாளிக் கைப்பிடி டங்கென்று விழுகிற சத்தம். விருந்து முடிந்து ஆட்டோவில் எனக்குச் சொதி கொண்டுவந்திருந்தாள் என் மனைவி. எப்போதிலிருந்து நின்றாளோ தெரியாது.

"ஊத்துற தண்ணி எங்க போகுதுன்னே தெரியலன்னு எங்கிட்ட சொன்னியளே" என்றாள்.

அண்ணாச்சி ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் தூக்குவாளியைத் திறந்து, இலையை விரித்து, சோறும் சொதியும் பொரித்த அப்பளமும் அவருக்குப் பரிமாறினாள். "நீங்க சாப்பிடுங்க அண்ணாச்சி, மத்தியானம் புடிச்சு வேல பாக்குதீங்க."

எனக்கு இஞ்சித் துவையல் மிஞ்சியிருந்தது.