இறப்பர் பால் உறைந்த பின் மிஞ்சும் நீர்

கொழும்பு நகரம் குடிக்கும் நீரில் பெரும்பங்கு, அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து இறைத்துச் சுத்திகரிக்கப்படுகிறது. அதே கங்கையின் மேற்பகுதியில், யட்டியாந்தோட்டை, அவிசாவளைப் பக்கங்களில், இறப்பர்த் தோட்டங்கள் இருக்கின்றன. அத்தகைய தோட்டமொன்றில் பிறந்து இன்று கொழும்பில் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் எனக்கு, அங்கே பால் உறைந்தபின் தொட்டியில் மிஞ்சும் நீர் வெறும் கழிவாகத் தெரிவதில்லை.

மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இறப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். புரதங்களும் சர்க்கரைகளும் பொட்டாசியம், மக்னீசியம், பொசுபேற்று போன்ற உப்புகளும் அதில் கலந்திருக்கின்றன. போர்மிக் அமிலம் சேர்த்ததும் இறப்பர் தயிர்போலத் திரண்டு ஒதுங்க, இளமஞ்சள் நிறத்தில் தெளிந்த நீர் பிரிகிறது. “பாலை எடுத்துட்டா மிச்சம் புளிச்ச தண்ணிதானே தம்பி” என்று ஸ்டோரில் நெடுநாள் வேலை செய்த பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார். அந்தப் புளித்த தண்ணீரில்தான் குவெப்ரகிட்டோல் இருக்கிறது.

தென்னமெரிக்காவின் குவெப்ராச்சோ மரத்தின் பெயரைத் தாங்கிய இந்தச் சேர்மம், ஆறு காபன் அணுக்கள் வளையமாக அமைந்த, சர்க்கரை போன்ற இனோசிற்றோல் என்னும் பொருளின் உறவு. இறப்பர் பாலில் அது சுமார் 1 சதவீதம் உண்டு. வலக்கை, இடக்கைபோல ஒன்றன் கண்ணாடி விம்பமாக மற்றொன்று அமையும் இரு வடிவங்களில், மரம் ஒன்றை மட்டுமே ஆக்குகிறது. மருந்துச் சேர்மங்களைத் தொகுப்பவர்கள் அந்த ஒரு வடிவத்தைத் தனியே பெறுவதற்கே மிகுந்த பாடுபடுகிறார்கள். இங்கோ அது ஆயத்தமாகக் கிடைத்து வாய்க்காலில் ஓடிவிடுகிறது என்பதுதான் என் மனக்குறை.

பிரித்தெடுக்கும் வழி விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. நீரைச் சூடாக்கும்போது புரதம் முட்டை வெள்ளைபோலத் திரிந்து மிதக்கும். அதை வடிகட்டி, எஞ்சியதைப் பாகுபோல வற்றவைத்து, அற்ககோலில் கரைத்துக் குளிரவிட்டால் பளிங்குகள் மெல்லப் படியும். முதல் முறை நான் கொண்டுவந்த நீரை இரவு முழுவதும் வெளியில் வைத்துவிட்டேன். காலையில் மூடியைத் திறந்தபோது அழுகிய வாடை முகத்திலடித்தது. தெளிந்திருந்த நீர் கலங்கி, மேலே ஆடை படர்ந்திருந்தது. மறுமுறை பனிக்கட்டிப் பெட்டியில் எடுத்துவந்து அன்றே காய்ச்சினேன். குடுவையின் அடியில் ஒட்டியிருந்த வெண்ணிறப் பளிங்குகளை அன்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலை மையநீக்கப் பொறியில் சுற்றி, இறப்பர் 60 சதவீதமுள்ள செறிபாலாக்கும் தொழிற்சாலைகளில் சிக்கல் வேறு. அங்கே பிரியும் ஆடைநீக்கிய பாலில் இன்னும் ஏறத்தாழ 5 சதவீத இறப்பர் இருப்பதால், அதை உறையவைக்கச் சல்பூரிக்கமிலம் ஊற்றுகிறார்கள். அந்த அமிலத்திலிருந்து வரும் சல்பேற்றை, காற்றில்லாத கழிவுநீர்க் குளத்தில் வாழும் பற்றீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டாக்குவதே அயலவர் முறையிடும் நாற்றத்துக்குப் பெருங்காரணம். அமிலத்துக்குப் பதிலாக நுண்துளை மென்சவ்வுகளால் இறப்பரை வடித்தெடுத்தால், இறப்பரும் மீளும்; கீழிறங்கும் நீரும் குவெப்ரகிட்டோல் பிரிக்க ஏற்றதாக இருக்கும். செறிபாலாக்குமுன் மக்னீசியத்தை அகற்றப் பொசுபேற்று சேர்ப்பதால் படியும் சேற்றில் நைதரசனும் பொசுபரசும் உள்ளன; அதையும் உரமாக்கலாம்.

நீரிலுள்ள புரதங்களை மீட்டுப் பயன்படுத்தும் விடயத்தில் மட்டும் அவசரம் கூடாது. பூஞ்சணத்தைத் தடுக்கும் ஹெவீன் அவற்றுள் ஒன்று. இறப்பர்க் கையுறைகளால் சிலருக்கு உண்டாகும் ஒவ்வாமைக்குக் காரணமானவற்றுள்ளும் அதே புரதம் இருக்கிறது.

நம் நாட்டுக்குப் பெயர்பெற்ற வெளிர் கிரேப் என்னும் இறப்பர்த் தாளை உருளைகளில் மீண்டும் மீண்டும் நீர்விட்டுக் கழுவுகிறார்கள். நான் பார்த்த தொழிற்சாலையில் உறைதொட்டியின் செறிந்த நீரும் இந்தக் கழுவுநீரும் ஒரே வாய்க்காலில் கலந்தன. கலந்தபின் மீட்பதென்றால் பெருமளவு நீரை வற்றவைக்க வேண்டும்; எரிபொருட் செலவு வருமானத்தை விழுங்கிவிடும். தொட்டியிலிருந்து தனிக் குழாயொன்றை இழுத்து, அந்த முதல் நீரை மட்டும் மூடிய தாங்கியில் சேர்த்து, அன்றன்றே காய்ச்சும் ஏற்பாட்டை ஒரு தோட்டமாவது முதலில் செய்துபார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.