சாப்பாட்டை நிறுத்திய நியூட்: தண்ணீரைக் குளிர்வித்துப் பார்த்த அனுபவம்

செம்பி நான் வளர்க்கும் சீன ஃபயர் பெல்லி நியூட், பல்லி போல வாலுள்ள சிறிய இருவாழ்வி. முதுகு முழுக்கக் கறுப்பு, வயிறு மட்டும் கறுப்புத் திட்டுகளோடு ஆரஞ்சுச் சிவப்பு. மண்புழுத் துண்டை இடுக்கியில் பிடித்துக் காட்டினால் தொட்டியின் மறுமுனையிலிருந்து வந்து கவ்விக்கொள்வாள். கோடை தொடங்கியதும் புழுவை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போக ஆரம்பித்தாள்.

ஒரு வேளை சாப்பிடாததற்கெல்லாம் பதற வேண்டியதில்லை. தோல் உரிக்கும் சமயத்தில் நியூட்டுக்குப் பசி குறையும். உரித்த தோலைத் தானே தின்றுவிடுவதும் உண்டு. தேறிய உடம்புள்ள வளர்ந்த நியூட் ஓரிரு வாரம் பட்டினி தாங்கும். ஆனால் செம்பி தோல் உரித்து முடித்த பிறகும் எதையும் தொடவில்லை. அதோடு, எப்போதும் நீருக்குள்ளேயே திரிகிறவள் மிதக்கும் கார்க் துண்டின்மேல் ஏறி உட்கார்ந்தே இருந்தாள். என்னை உறுத்தியது அதுதான். நீரில் வாழ்ந்து பழகிய நியூட் நீரை விட்டு ஒதுங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான்.

நீரில் கழிவால் சேரும் நஞ்சுகளை அளக்கும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 காட்டின. நைட்ரேட்டும் 20 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 20 பங்கு) கீழே, அதாவது தண்ணீர் சுத்தம்தான். தெர்மாமீட்டரைப் பார்த்தேன்: 27 டிகிரி செல்சியஸ். சரி, விஷயம் புரிந்தது. இந்த இனத்துக்கு 16 முதல் 20 டிகிரி வரை இதமானது. 24-ஐத் தாண்டும்போதே உடம்பு திணறத் தொடங்கும். சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறைவு, கிருமிகள் பெருகுவதும் வேகம்.

இந்த நிலையில் விதவிதமான தீனி வாங்கிப் போடத்தான் கை பரபரக்கும். அதனால் பயனில்லை என்பது என் கருத்து. சூடு குறையாமல் எந்தப் புழுவைக் காட்டினாலும் அது மிஞ்சி அழுகும், அம்மோனியா ஏறும், நல்லபடியாக இருக்கிற தண்ணீரும் கெடும். அதனால் தீனியைத் தள்ளி வைத்துவிட்டு வெப்பத்தைக் கவனித்தேன்.

செம்பியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினேன். குளோரின் நீக்கிய நீர் கொஞ்ச ஆழத்துக்கு, அடியில் ஈரமான பேப்பர் டவல், ஒளிந்துகொள்ள ஒரு ஓட்டுத் துண்டு, மேலே காற்றோட்டமுள்ள இறுக்கமான மூடி. மூடி முக்கியம், நியூட் வழுவழுப்பான சுவரிலும் ஏறிவிடும். அடியில் கல் இல்லாததால் கழிவு வருகிறதா, தின்றதைக் கக்குகிறதா என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். கல்லை விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்வதும் பசி நின்றுபோக ஒரு காரணம் என்பதால் இதைப் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. மாற்றும்போது கையால் பிடிக்காமல் ஒரு கோப்பையில் நீரோடு மொண்டேன். இவற்றின் தோலில் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு உண்டு. நம் கையில் இருக்கும் சோப்பும் கிரீமும் அவற்றின் தோல் வழியாக உள்ளே போகும். தொட்டால் இரு பக்கமும் கெடுதல்தான்.

பெரிய தொட்டிக்கு ஒரு சிறிய மின்விசிறியை நீர்ப்பரப்பின் குறுக்கே காற்று போகும்படி வைத்தேன். நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. குறைந்த நீரைக் குளோரின் நீக்கிய நீரால் ஈடுகட்டினேன். டப்பாவை வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வைத்து, உறைய வைத்த சிறிய தண்ணீர் பாட்டிலை மூடியோடு அதன் பக்கத்தில் சாய்த்தேன். ஐஸ் கட்டியை நேராக நீரில் போடவில்லை. வெப்பம் சட்டென்று இறங்கினால் அதுவே இன்னொரு அதிர்ச்சி. நாளுக்கு இரண்டு டிகிரிக்கு மேல் இறங்காதபடி பார்த்து 19-க்குக் கொண்டுவந்தேன். டப்பாவில் ஃபில்டர் கிடையாது, அதனால் அதே வெப்பத்தில் எடுத்து வைத்த நீரால் தினமும் முழுதாக மாற்றினேன்.

அப்புறம்தான் தீனி. முதலில் உரக்குழியில் வளரும் சிவப்புப் புழு. வாயில் வாங்கித் துப்பிவிட்டாள். சீண்டினால் அந்தப் புழு கசப்பான மஞ்சள் திரவத்தைக் கசியவிடும், பல நியூட்டுகளுக்கு அது பிடிப்பதில்லை. அடுத்து உறைந்த பிளட்வோர்மை (கொசு போன்ற ஒரு பூச்சியின் சிவப்புப் புழு) உருக்கிப் போட்டேன். அசையாமல் கிடந்ததைக் கண்டுகொள்ளவே இல்லை. நியூட் மணத்தையும் பார்க்கும், அசைவையும் பார்க்கும். அதனால் பிறகு உயிருள்ள பிளாக்வோர்ம் (நீரில் வாழும் மெல்லிய கறுப்புப் புழு) ஒன்றிரண்டை, விளக்கை அணைத்த பிறகு, அவள் மூக்குக்கு எதிரே விட்டேன். தலையைச் சாய்த்தாள், கொஞ்சம் நின்றாள், பிறகு ஒரே கவ்வு! சத்தம் போடாமல் இருக்க நான் பட்ட பாடு பெரிது.

வாயைத் திறந்து ஊட்டும் யோசனை எனக்கு எந்தக் கட்டத்திலும் சரியாகப் படவில்லை. அந்தத் தாடை மிக மெல்லியது. வயிறு உப்பினாலோ, தோலில் பஞ்சு போன்ற வெள்ளைப் படலமோ புண்ணோ தெரிந்தாலோ, இடுப்பெலும்பு துருத்தினாலோ, இருவாழ்விகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே போவதாக இருந்தேன். மெலிகிறாளா என்று பார்க்க, மேலிருந்து தினமும் ஒரு படம் எடுத்து வால் அடிப்பகுதியின் பருமனை ஒப்பிட்டு வந்தேன். மருத்துவரிடம் போகத் தேவை வரவில்லை.

இப்போது மண்புழுத் துண்டுக்கே திரும்பிவிட்டாள். கழிவும் ஒழுங்காக வருகிறது. பெரிய தொட்டி மதிய வெயிலிலும் 20-ஐத் தாண்டாமல் ஒரு வாரம் நின்றால் அவளை அங்கே விடுவேன். அதுவரை டப்பாதான், வாரத்துக்கு மூன்று வேளை தீனி.