செருப்பு வீலும் நூல் ரீலும்

நம்ம ஊர்ல பொறந்தவனுக்கு ரப்பர் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம், அருமனை, களியல்னு எங்க திரும்பினாலும் ரப்பர் தோட்டம், பனச்சமூடு தாண்டி கேரளாக்குள்ள போனாலும் அதே தோட்டந்தான், போர்டுல எழுத்து மட்டும் மாறும். ரப்பர் கொட்டைய சிமெண்ட் தரையில உரசி சூடாக்கி முன் பெஞ்சுக்காரன் தொடையில வச்சவங்க நம்ம சங்கத்தோட இந்த மலர் படிக்கிறவங்கள்ல யார் யார்னு எனக்கு நல்லா தெரியும், இப்போ பெரிய பெரிய வேலையில இருக்கீங்க, அதனால பேர் சொல்லல. மரத்துல வெட்டின கோட்டுல காஞ்சு கிடக்கிற ஒட்டுப்பால நீளமா உரிச்சு சுத்திச் சுத்தி பந்து செய்வோமே, தரையில அடிச்சா ஓட்டு மேல போய் விழும், அந்தப் பந்து எந்தக் கடையிலயும் கிடைக்காது.

இவ்வளவு ரப்பருக்கு நடுவுல வளந்த நம்மகிட்டதான் எண்பதுகளின் நடுவுல ஒன்பதாங் க்ளாஸ்ல சயன்ஸ் சார் வந்து, லே, பலூன் காத்துல ஓடுற வண்டி ஒண்ணு ஆளாளுக்கு செஞ்சிட்டு வாங்கன்னாரு. நியூட்டன் மூன்றாம் விதி நடத்திட்டு இருந்த வாரம் அது. "ஒவ்வொரு வினைக்கும் அதற்குச் சமமான எதிர்வினை உண்டு"ன்னு எல்லாரும் ராகம் போட்டு சொன்னோம், அர்த்தம் கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது, அதுல கடுப்பாயிட்டாருன்னு நெனைக்கிறேன். ரூல் ஒண்ணே ஒண்ணு, பலூன் தவிர எதுவும் காசு குடுத்து வாங்கக்கூடாது, வீட்டுல தோட்டத்துல கிடக்கிறது போதும். பக்கத்து மலையாள மீடியம் பிள்ளைகளும் சேந்துக்கிட்டாங்க.

என் வேலை டேப் பிடிக்கிறது. அப்பாவுக்கு ஜங்ஷன்ல தையல் கடை, அதனால அளவு டேப் கொண்டு வர்ற பொறுப்பு தானா என் தலையில வந்துச்சு, அப்படித்தான் எல்லா வண்டியையும் கிட்ட நின்னு பாக்கிற பாக்கியம் கிடைச்சுது. சொல்றேன், அன்னைக்கு வந்த வண்டிகள இப்போ எந்த ஆர்ட் கேலரியில வச்சாலும் ஆளு நின்னு பாப்பாங்க. கமுகம்பாளைய, அதான் பாக்கு மரத்துப் பாளைய, காயவச்சு வெட்டின பாடி, தீப்பெட்டி பாடி, ஒருத்தன் சோப்பு டப்பாவையே கொண்டு வந்துட்டான், அவங்க அம்மா சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கே வந்து வாங்கிட்டு போனாங்க. காத்து வெளிய போற குழலுக்கு பப்பாளி இலைத் தண்டு, அது உள்ள ஓட்டையா இருக்குமே, அது, இல்லன்னா பேனா குழல், இல்லன்னா தீந்துபோன ரீஃபில். பலூன் வாய குழல்ல மாட்டி சைக்கிள் டியூப வளையமா வெட்டி இறுக்கிக் கட்டியிருந்தாங்க, அதுல ஒரு பொட்டு காத்து கசியாது, இப்போ கடையில விக்கிற கிட்ல வர்ற ஒட்டுற டேப் எல்லாம் அதுக்கு ஈடே இல்ல.

வீல்தான் விசேஷம். கிட்டத்தட்ட எல்லா வண்டிக்கும் பழைய வார் செருப்ப வட்டமா வெட்டின வீல். காரணம் கேட்டா, க்ரிப் வேணும்லான்னாங்க. மார்த்தாண்டம் போற பஸ் டயர், மலையேறுற தடி லாரி டயர் எல்லாம் பாத்து வளந்த பிள்ளைக, வண்டின்னா டயர், டயர்னா ரப்பர், ரப்பர்னா பிடி, அப்படித்தான் யோசனை போகும். ஒருத்தன் செருப்பு வீல் மேல ஒட்டுப்பால் வேற சுத்தி கொண்டு வந்திருந்தான், ரொம்ப பெருமையா.

ஹால்ல செவப்பு சிமெண்ட் தரை, சாக்பீஸ்ல கோடு. முதல்ல பப்பாளித் தண்டு வண்டிக. பலூன ஊத ஊத மலையாள மீடியம் பயலுக "பொட்டும், பொட்டும்"னு, வெடிச்சிடும்னுதான், கத்துறாங்க, ஊதுறவன் பயத்துல பாதியில விட்டுடுறான். விட்டதும் புஸ்ஸுன்னு ஒரே மூச்சுல காத்து போயிடும், வண்டி ஒரு எட்டு பாஞ்சு நின்னுடும். ரீஃபில் குழல் வச்சவனுக்கு நேர் எதிர், சீஈஈஈன்னு சத்தம் மட்டும் ரொம்ப நேரம் வருது, வண்டி இருந்த இடத்துலயே இருக்கு, ஹால் முழுக்க சிரிப்பு. சார் சிரிக்கல. ஓட்டை சின்னதுனா தள்ளுற விசையும் சின்னதுலே, அச்சோட உராய்வ ஜெயிக்க அது பத்தாது, பெருசுனா தள்ளு உண்டு ஆனா நீடிக்காதுன்னு சொன்னாரு. பேனா குழல் நடுவுல, அதுதான் கொஞ்சம் சரியா வந்துச்சு. அதுலயும் குழல் ஒரு பக்கமா சரிஞ்சிருந்தா வண்டி வட்டம் போட்டு தன் பின்னாலயே வந்து நிக்கும். செருப்பு வீல் வண்டிக பெரும்பாலும் நாலடி, அஞ்சடி. கத்தரியில வெட்டின வட்டம் எங்க வட்டமா இருக்கு, நடு ஓட்டை நடுவுலயும் இல்ல, ஒவ்வொரு சுத்துக்கும் வண்டி நொண்டும்.

கடைசியா வந்தது ஒரு பிள்ளை. நம்ம க்ளாஸ்ல பின்னாடி சன்னல் ஓரம் இருக்குமே, அதிகம் பேசாது, அது. அப்பா ரப்பர் பால் வெட்டுக்காரர், காலையில வெட்டு முடிஞ்ச பிறகு சிரட்டை சிரட்டையா பால வாளியில எடுத்து ஊத்திட்டுதான் அது பள்ளிக்கூடத்துக்கு வரும், விரல் இடுக்குல காஞ்ச பால் ஒட்டியிருக்கும். ரெண்டு நாள் முன்னாடி எங்கிட்ட வந்து, ஒங்க கடையில தீந்துபோன நூல் ரீல் கிடைக்குமான்னு கேட்டுச்சு, அப்போ நூல் கட்டை ரீல்ல வரும், நான் ஒரு பிடி அள்ளிக் குடுத்தேன், எதுக்குன்னு கேக்கல. பாத்தா அதுதான் வீல். மெஷின்ல கடைஞ்ச வட்டம், நடுவுல அச்சு ஓட்டை, எந்தக் கத்தரியும் அப்படி வெட்டாது. அச்சுக்கு சைக்கிள் கம்பி. எண்ணெ போடல, எண்ணெ போட்டா தூசி வந்து ஒட்டும்னு சொல்லி பென்சில் முனைய சீவி அந்தக் கரித்தூள ஓட்டைக்குள்ள போட்டிருந்துச்சு. இன்னைக்கு நான் ஷார்ஜாவுல மெயின்டனன்ஸ் வேலையில சில பூட்டுக்கு அதே பென்சில் கரியான கிராஃபைட் பவுடர் போடுறப்ப எல்லாம் அந்தப் பிள்ளை ஞாபகம் வரும்.

வீல் மூணே மூணு. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு. பயலுக ஆட்டோ ஆட்டோன்னு கேலி பண்ணினாங்க. சார் மட்டும் குனிஞ்சு பாத்தாரு. காஞ்ச கமுகம்பாளை எப்பவும் கொஞ்சம் முறுக்கிக்கிடும், நாலு வீல் வச்சா ஒண்ணு தரையில படாம தொங்கும், மூணு வச்சா எந்தக் கோணல் பாடியும் சரியா உக்காரும். பலூனையும் வர்றதுக்கு முன்னாடியே ஊதி ஊதி விட்டு இளக்கி வச்சிருந்துச்சு, ரப்பர் முதல் இழுவைக்குத்தான் முறைக்கும்னு அதுக்கு தெரியாதா என்ன.

விட்டுச்சு. கட்டை ரீல் தரையில கடகடகடன்னு உருண்டு, ஹால் தாண்டி மேடைப் படியில முட்டி நின்னுச்சு. நான் டேப்ப நாலு தடவ மாத்தி மாத்தி வச்சு அளந்தேன், இருவது அடிக்கு மேல. மலையாள மீடியம், தமிழ் மீடியம் எல்லாம் ஒரே கூச்சல். சார் "கொள்ளாம் மக்களே, கொள்ளாம்"னாரு, நல்லாயிருக்குன்னு அர்த்தம், அவரு வாயில அந்த வார்த்தை வந்து அதுக்கு முன்னாடியும் கேட்டதில்ல, பின்னாடியும் கேட்டதில்ல.

அப்புறம் அவரு கேட்ட கேள்விதான் எனக்கு இத்தனை வருஷமா மனசுல நிக்குது. இவ வண்டியில ரப்பர் எங்கலே இருக்கு? பலூன்ல சார். வீல்ல? இல்ல சார். பஸ்ஸுல இஞ்சின் வீல சுத்துது, வீல் ரோட்ட பின்னால தள்ளுது, அதனால பிடி வேணும். இந்த வண்டியில வீல எவன்லே சுத்துறான்? காத்து பின்னால போகுது, வண்டி முன்னால போகுது, வீல் சும்மா கூட உருளுது, அதுக்கு எதுக்குலே ரப்பர்? மொத்த க்ளாஸும் கப்சிப். நம்ம ஊர்க்காரன் எதுக்கெடுத்தாலும் ரப்பர்னு நிப்பான், ரப்பர் வெட்டுற வீட்டுப் பிள்ளைதான் அது எங்க வேண்டாம்னு கண்டுபிடிச்சுது.

அன்னைக்கு மீதி பீரியடு முழுக்க பலூன்தான். பலூன முதல்ல செஞ்சது மைக்கேல் ஃபாரடேன்னு சார் சொன்னாரு, 1824-ல, லண்டன்ல, ஹைட்ரஜன் வாயுவ பிடிச்சு வைக்கிறதுக்காக. ரெண்டு ரப்பர் ஷீட்ட ஒண்ணு மேல ஒண்ணு வச்சு ஓரத்த அழுத்தி ஒட்டியிருக்காரு, உள்பக்கம் ஒட்டிக்காம இருக்க மாவு தூவியிருக்காரு. இதக் கேட்டதும் ஷீட் அடிக்கிற வீட்டுப் பயலுக எல்லாம் நிமிந்து உக்காந்தாங்க. அப்புறம் பலூன சடார்னு இழுத்து உதட்டுல வைக்க சொன்னாரு, இளஞ்சூடு, இழுத்துப் பிடிச்சு கொஞ்சம் ஆறவிட்டு சட்டுனு விட்டுட்டு வச்சா குளிர்ச்சி. இங்கிலாந்துல ஜான் கஃப்னு கண்ணு தெரியாத ஒருத்தர் 1805-லயே இத உதட்டுல வச்சுத்தான் உணந்து எழுதியிருக்காராம். ரப்பர் காட்டுக்குள்ளயே கிடந்த எங்களுக்கு அது தெரியாது.

பெரிய பலூன் ஒண்ணு, சின்னதா ஊதினது ஒண்ணு, ரெண்டையும் பேனா குழலால இணைச்சா காத்து எங்கேருந்து எங்க போகும்னு பந்தயம் வேற. எல்லாரும் பெருசுலேருந்து சின்னதுக்குன்னோம். விரல எடுத்தாரு, சின்னது இன்னும் சுருங்குது, பெருசு இன்னும் வீங்குது! சின்ன பலூன்ல அழுத்தம் அதிகமாம், முதல் ஊதல்தான் கஷ்டம்ங்கிறதும் அதனாலதான். வண்டி நிக்கப் போற நேரத்துல பலூன் சுருங்கி ஒரு சின்ன உந்து குடுக்குமே, அதுக்கும் அதே காரணம்.

போன மாசம் பேத்திக்கு இங்க மால்ல பலூன் கார் கிட் ஒண்ணு வாங்கினோம். பிளாஸ்டிக் பாடி, நாலு வீல், வீல் மேல ரப்பர் வளையம் மாட்டி வச்சிருக்கான். கழட்டிட்டு ஓடவிடுன்னேன். கழட்டினதுக்கு அப்புறம்தான் சோபாவ தாண்டிச்சு.

அதனால சங்கக் கமிட்டிக்கு ஒரு கோரிக்கை. அடுத்த குடும்ப சங்கமத்துல மியூசிக்கல் சேர் வேண்டாம், முப்பது வருஷமா அதே சேர சுத்திட்டு இருக்கோம். பலூன் வண்டிப் போட்டி வைங்க. பிள்ளைகளுக்கு தனி, அப்பா அம்மாக்களுக்கு தனி. சாரோட ரூல்தான், பலூன் தவிர எதுவும் வாங்கக்கூடாது, கிட் கொண்டு வந்தா சேக்க மாட்டோம். கமுகம்பாளைக்கு இங்க வழியில்ல, ஊர்லேருந்து லீவு முடிஞ்சு வர்றவங்க ரெண்டு மூணு பெட்டியில போட்டு கொண்டு வாங்க. டேப் நான் பிடிக்கிறேன்.