மூணே மூணு சாமான்

"ஏட்டி, ஒங்க மாமா மொட்டை மாடியில யாரப் பாத்து கண்ணடிக்காரு?"

வெள்ளிக்கிழமை சாயந்தரம் புளியரையிலிருந்து வந்து வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழட்டல. அத்தை வாசல்லயே வச்சுக் கேட்ட கேள்வி இது. மாமாவுக்கு வயசு எழுபத்துநாலு. கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே தூங்குற மனுஷன். அவர் கண்ணடிக்கிறாருன்னா ஒண்ணு வாதம், இல்லைன்னா தூசின்னுதான் நான் நினைச்சேன். அத்தை அப்படி நினைக்கல. "நாலு நாளாப் பாக்கேன். மத்தியானச் சோத்தைத் தின்னுட்டு போனைத் தூக்கிட்டு மேல போறாரு. மூஞ்சியில என்னத்தையோ அப்பிருக்காரு. போனைப் பாத்து சிரிக்காரு, கண்ண மூடித் தொறக்காரு. கேட்டா நெட்வொர்க்காம்!"

இதுக்கெல்லாம் மூல காரணம் என் மூஞ்சி.

புரட்டாசியிலேயே வாயைச் சுத்தி செவக்க ஆரம்பிச்சுது. மிளகாய்ப்பழம் தின்னுட்டுத் துடைக்காம விட்ட பிள்ளை மாதிரி ஒரு வளையம். ஐப்பசியில கன்னத்துக்கும் ஏறிட்டு. பக்கத்து வீட்டு சேச்சி கேட்டுக்குள்ள வரும்போதே "முகத்தினு எந்து பற்றி மோளே?"ன்னு நெஞ்சுல கைய வச்சுட்டாங்க. இவுகளுக்கு மட்டும் ஒரு வித்தியாசமும் தெரியல. "எப்பவும் போலத்தான இருக்கே"ன்னாக. அது ஆறுதலா அவமானமான்னு இன்னும் முடிவு பண்ணல.

தென்காசியில தோல் டாக்டரம்மா ஒருத்தங்க. "முகத்துக்கு என்னென்ன போடுவீங்க?"ன்னு கேட்டு பேனாவைத் திறந்தாங்க. நான் சொல்ல ஆரம்பிச்சேன். ஏழாவது அயிட்டத்துல பேனாவை மூடிட்டாங்க.

நான் என்ன செய்ய? தமிழ்நாடு-கேரள எல்லையில குடியிருக்கிறவளுக்கு ரெண்டு பக்கத்து அழகுக் குறிப்பும் தலையில விடியும். இந்தப் பக்கத்துச் சீர்வரிசையா பயத்த மாவு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூப் பொடி. அந்தப் பக்கத்துலயிருந்து தென்மலைக்காரி சேச்சி உபயத்துல நால்பாமராதி எண்ணெய். ஆல், அரசு, அத்தி, இத்தி நாலு மரத்துப் பட்டையும் போட்டுக் காய்ச்சினது, அவங்க ஊர்ல பச்சைப்பிள்ளைக்குத் தேய்ச்சுக் குளிப்பாட்டுறது. மதினி புனலூர்லயிருந்து வாங்கிட்டு வந்த குங்குமாதி தைலம், சொட்டு சொட்டா எண்ணி விடணும். இது போதாதுன்னு மூணாவது எல்லை ஒண்ணு இருக்குல்ல, போன்? அதுல வந்தது நியாசினமைடு, ரெட்டினால், வைட்டமின் சி சீரம். அந்த சீரம் வாங்கும்போது தண்ணி மாதிரி இருந்துச்சு, இப்ப கடுங்காப்பி நிறத்துக்கு வந்துட்டு. காத்து பட்டு வீணாப் போச்சுன்னு அர்த்தமாம். நான் நல்லா ஊறிடுச்சு, வீரியம் கூடிருக்கும்னு நினைச்சு ரெண்டு சொட்டு சேர்த்தே போட்டுக்கிட்டு இருந்தேன்.

இதுக்கெல்லாம் மேல, ஸ்டாஃப் ரூம்ல கைமாறி வந்த ஒரு டப்பா. பேர் வாசிக்க முடியாத எழுத்து. ஏழு நாள்ல வெளுக்கும்னாங்க. நிஜமாவே வெளுத்துச்சு. ரெண்டு மாசம் ராஜாத்தி மாதிரி திரிஞ்சேன். நடுவுல ஒரு வாரம் தீர்ந்து போய் நிறுத்தினேன் பாருங்க, அப்பதான் அந்த செவப்பு வளையம்.

டாக்டரம்மா இந்த டப்பாக் கதையைக் கேட்டதும் மூடின பேனாவைத் திரும்பத் திறந்துட்டாங்க. என்ன கலந்திருக்குன்னு உறையில ஒரு வரி இருக்கா, செஞ்சவன் முகவரி இருக்கா? ரெண்டும் இல்லை. இந்த மாதிரி டப்பாவுல ஸ்டீராய்டு இருக்கும், இல்லைன்னா பாதரசம் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தா ரெண்டுமேன்னாங்க. ஸ்டீராய்டு போடும்போது முகம் மினுங்கும், விட்டா பழிவாங்கும். பாதரசம் தோலோட நிக்காது, உள்ள இறங்கி சிறுநீரகத்துல கைய வைக்கும். மலப்புறம் பக்கத்துல இப்படி வெளுப்பு கிரீம் பூசினவங்களுக்கு சிறுநீரகக் கோளாறு வந்து, 2023ல கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடை கடையா ஏறிச் சோதனை போட்டுச்சாம். அதுக்கு வச்ச பேரு 'ஆபரேஷன் சௌந்தர்யா'. எனக்கு பயத்துலயும் சிரிப்பு வந்துட்டு. எங்க சித்தி பேரு சௌந்தரம்.

"அந்த டப்பாவைக் கொண்டு வாங்க, பாக்கணும். மத்த எல்லாத்தையும் நிறுத்துங்க. நாலு வாரத்துக்கு மூணே மூணு சாமான்"னாங்க. ராத்திரி, நுரை அதிகம் வராத ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவி மாய்ஸ்சரைசர். காலையில வெறும் தண்ணி, மாய்ஸ்சரைசர், அதுமேல எஸ்.பி.எஃப் 50 சன்ஸ்க்ரீன். குளிக்கிற சோப்பு முகத்துக்குக் கிடையாது. நம்ம தோல் லேசான புளிப்பு, சோப்பு அதுக்கு நேர் எதிரான காரமாம். மாமியாரும் மருமகளும் மாதிரின்னு நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், அத்தை வெளியில பெஞ்சுல உக்காந்திருந்தாக.

"வேற எதாவது போடணும்னு கை அரிச்சா?"ன்னு கேட்டேன்.

"கையிலயே போட்டுக்கோங்க."

அன்னைக்கு ராத்திரியே ஜன்னல் திட்டைத் துப்புரவு பண்ணினேன். இருபத்தொரு சாமான். அட்டைப்பெட்டியில போட்டு மாடிப்படிக்கு அடியில வச்சேன், குப்பை வண்டிக்காரம்மா திங்கக்கிழமைதான் வருவாங்க. ஜன்னல்ல மூணு ட்யூப் மட்டும் தள்ளித் தள்ளி நிக்கிறதைப் பாத்தா மனசே லேசாயிட்டு. துறவறம்னா இதுதான் போலன்னு நினைச்சேன்.

இந்தத் துறவறத்துக்கு எவ்வளவு செலவுன்னு காலையிலதான் தெரிஞ்சுது. சன்ஸ்க்ரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் நீளத்துக்குப் பிதுக்கிப் போடணும், அப்பதான் அதுல எழுதியிருக்கிற 50 வேலை செய்யும். கடுகளவு தொட்டு வச்சா ஒண்ணுமில்லை. அது கிட்டத்தட்ட ஒரு கிராம். ட்யூப் 50 கிராம். வெயில்ல இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் போடணும், நான் வகுப்புக்குள்ள நிக்கிறதால காலையில ஒண்ணு, சாயந்தரம் வண்டி எடுக்கும்போது ஒண்ணுன்னு பேரம் பேசி வச்சிருக்கேன். ஆக 25 நாள். கணக்கு டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா. இருபத்தொரு சாமான் வச்சிருந்தப்பகூட மாசம் இவ்வளவு ஆகல.

போட்ட முதல் நாள் வேற, முகமெல்லாம் சாம்பல் பூத்துட்டு. ஏழாங்கிளாஸ் பய ஒருத்தன் "டீச்சர், தட்சிணாமூர்த்தி கோயிலுக்குப் போயிட்டா வாரீங்க?"ன்னான். சாயந்தரம் சேச்சி கதகளிக்குப் பாதி வேஷம் கட்டின மாதிரி இருக்குன்னாங்க. அத்தை, "ஐப்பசி மழையில நனையுதவளுக்கு எதுக்குட்டி வெயில் கிரீமு?"ன்னாக. மேகத்தைத் தாண்டியும் அந்தக் கதிர் வரும் அத்தைன்னேன். "மேகத்தைத் தாண்டி வாரதுக்கு இந்தக் களிம்பைத் தாண்டத் தெரியாதாக்கும்?" பதில் சொல்ல முடியல.

சரி, டப்பாவைக் கொண்டு போகணுமேன்னு ஞாயித்துக்கிழமை அட்டைப்பெட்டியைத் திறந்தா, உள்ள பாதிதான் இருக்கு. எங்க வீட்டுல குப்பைக்கு இருக்கிற மரியாதை அலமாரியில இருக்கிற சாமானுக்குக் கிடையாது. கஸ்தூரி மஞ்சளும் பயத்த மாவும் அத்தை ரூமுக்குப் போயிட்டு. குங்குமாதியை மதினி "நான் வாங்கிக் குடுத்ததுதானே"ன்னு ஞாயமாத் திருப்பி எடுத்துக்கிட்டா. நால்பாமராதியை இவுக கேட் கீலுக்கு விட்டிருக்காக. அந்த கேட் இப்ப சத்தமே போடல, மினுமினுன்னு இருக்கு. காப்பி நிற சீரத்தைப் பையன் மீசைக்குத் தேய்க்கிறான்னு சந்தேகம். ஒன்பதாங்கிளாஸ் படிக்கிறவனுக்கு என்ன அவசரமோ.

ஏழுநாள் டப்பாவை மட்டும் காணும்.

ராத்திரி சாப்பாட்டுல விசாரணை வச்சேன். யாரும் வாய் திறக்கல. "எடுத்தவங்க சொல்லிருங்க, அது விஷம், ஒண்ணுக்கு டெஸ்ட் பண்ணணும்"னு சொன்னது நான் செஞ்ச தப்பு. ஒத்துக்கிறவனும் ஒத்துக்க மாட்டான். மாமா தலையைக் குனிஞ்சு மோரை ஊத்திப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தாரு.

அப்புறம்தான் வெள்ளிக்கிழமை, கண்ணடிக்கிற புகார். எனக்கு உள்ளுக்குள்ள ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு விழுந்துட்டு. அத்தை போட்ட கணக்குல அது மூணா விழுந்திருந்துச்சு: வெளுப்பு கிரீம், தனியா போன், கண்ணடிப்பு. "பகவதிபுரம் ரயில்வே ஸ்டேஷன்ல பாயிண்ட்ஸ்மேனா இருக்கும்போதே ஒருத்தி மோர் கொண்டாந்து குடுப்பா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சாரு"ன்னு மீட்டர் கேஜ் காலத்துக் கேஸையெல்லாம் தூசு தட்டி எடுத்துட்டாக. அந்த லைன் 2010ல நின்னு, அகலமாகி, 2018ல திரும்ப ஓடவும் ஆரம்பிச்சுட்டு. மோர்க்காரி இன்னும் நின்ன இடத்துலயே நிக்கா.

சனிக்கிழமை மத்தியானம் நானும் அத்தையும் தண்ணித் தொட்டிக்குப் பின்னால பதுங்கினோம். ரெண்டு பேர் முட்டிக்கும் அது ஆகாத வேலை. மாமா வந்தாரு. மடியிலயிருந்து டப்பாவை எடுத்து, நெத்தியிலயிருந்து தாடை வரைக்கும் இழுகினாரு. கண்ணாடியைக் கழட்டி கைப்பிடிச் சுவர்ல வச்சாரு. பையனோட பழைய போனை ரெண்டு கையாலயும் முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சாரு. கண்ணை மூடினாரு, திறந்தாரு. மூடினாரு, திறந்தாரு. போனை இறக்கிப் பாத்தாரு. திரும்பத் தூக்கினாரு. லேசா ஒரு சிரிப்பு வேற.

அத்தை பொறுக்க மாட்டாம, "யாருவே அவ?"ன்னு எந்திரிச்சுட்டாக.

யாரும் இல்லை. பென்ஷன். நவம்பர் மாசம் உயிரோட இருக்கோம்னு காட்டணும்ல, போன வருஷம் வரைக்கும் விரல் ரேகை வச்சாரு. ரேகை தேஞ்சு போச்சு, இனி விழாதுன்னுட்டாங்களாம். அதனால பையன்கிட்ட ரகசியமாச் சொல்லி, போன்ல முகத்தைக் காட்டுற வழியை ஏத்தி வச்சிருக்காரு. அது கண்ணை இமைக்கச் சொல்லும். இமைச்சா ஆதார் போட்டோவோட ஒத்துப் பாக்கும். ஒத்து வரலன்னு நாலு நாளாச் சொல்லுது. கார்த்திகை ஒண்ணாந்தேதி மாலை போட்டுட்டா சவரம் கிடையாது, தாடி வந்துட்டா சுத்தமா அடையாளம் தெரியாதேன்னு மனுஷனுக்கு ஒரே தவிப்பு.

"அதுக்கு எதுக்கு மாமா இந்த கிரீமு?"

ஆதாரை எடுத்துக் காட்டினாரு. பதிமூணு வருஷத்துக்கு முந்தின முகம். "இதுல கன்னம் இருக்கும்மா. இப்ப இல்ல. நெறமும் கொறஞ்சுட்டு. கன்னத்துக்கு எங்க போக? நெறத்தையாவது கொஞ்சம் ஏத்திப் பாப்பமேன்னு..." அப்புறம் மெதுவா, "நான் நான் இல்லைன்னுல்லா அது சொல்லுது" அப்படின்னாரு.

இவர் பிறந்தப்ப எங்க செங்கோட்டை, திரு-கொச்சிங்கிற திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்துச்சு. 1956 நவம்பர் 1ந்தேதி அஞ்சு வயசுல, திண்ணையை விட்டு இறங்காமலே மாநிலம் மாறின மனுஷன். அப்பகூட யாரும் அவரை நீ நீ இல்லைன்னு சொல்லல.

அத்தை வாயே திறக்கல. முந்தானையைத் தண்ணித் தொட்டிக் குழாய்ல நனைச்சு, அவர் முகத்தை அழுத்தித் துடைச்சாக, பச்சைப்பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி, காது மடல் வரைக்கும். நான் பாத்தேன், சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால நிக்குது. முகமெல்லாம் நிழல். நாலு நாளும் அங்கன, அப்படித்தான் நின்னிருக்காரு. "மாமா, இந்தப் பக்கமாத் திரும்புங்க"ன்னேன். திரும்பினாரு. இமைச்சாரு. பச்சை வட்டம் வந்துட்டு.

உயிரோட இருக்காருன்னு எஸ்.எம்.எஸ். வந்ததை நான் வாசிச்சுக் காட்டினப்ப அத்தைக்குப் பழைய தெம்பு திரும்பிட்டு. "நான் மூணு வேளையும் சோறு போடுதனே, என்னைக் கேட்டா சொல்ல மாட்டனா?"

டப்பாவைக் கவர்ல போட்டுக் கட்டி டாக்டரம்மாகிட்டக் குடுத்தாச்சு. எனக்கும் மாமாவுக்கும் ஒண்ணுக்கு டெஸ்ட் எடுத்து, ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லைன்னு வந்தாச்சு. நாலஞ்சு நாள்தான் போட்டிருக்காரு, தப்பிச்சாரு. என் வளையம் இன்னும் போகல, விட்ட புதுசுல கூடத்தான் செய்யும், பொறுங்கன்னுட்டாங்க. வரும்போது டாக்டரம்மா மாமா கன்னத்து வறட்சியைப் பாத்துட்டு, "ஐயாவும் அந்த மூணையே போடட்டும்"னு ஒரு வார்த்தை சொன்னாங்க பாருங்க, சட்டம் மாதிரி பிடிச்சுக்கிட்டாரு.

இன்னைக்குக் காலையில கோயில்ல மாலை போட்டுட்டு வந்து, துளசிமணியோட நேரா குளியலறை ஜன்னலுக்குத்தான் போனாரு. அங்கயிருந்தே ஒரு சந்தேகம்: "எம்மா, விரதத்துல இது போடலாமா? மாட்டுக் கொழுப்பு ஏதும் இருக்கப்போகுது. குருசாமிகிட்ட கேட்டேன், உறையப் பாக்கச் சொன்னாரு." பாத்தேன், பச்சைப் புள்ளி இருக்கு, சைவம்தான் சாமின்னேன். ரெண்டு விரல் நீளத்துக்கு, கோடு போட்ட மாதிரி பிதுக்கினாரு. அதுமேல திருநீறு, சந்தனம்.

அஞ்சு நிமிஷத்துல ஹால்லயிருந்து குருசாமிக்குப் போன் போகுது. "பச்சைப் புள்ளிதான் சாமி. வாங்க, நீங்களும் போட்டுப் பாருங்க."

மண்டல விரதம் 41 நாள். ட்யூப் எனக்கு மட்டும்னாலே 25 நாள். மாமாவோட சேர்த்தா பன்னெண்டரை. குருசாமி குழுவுல மொத்தம் பதினாறு சாமி.